பேர் அழிஞ்சு போன பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: இது என்ன மாடல், இந்த ட்ரெமலோவ வெச்சுக்கலாமா மாத்தணுமா?

மழைத்தூறல்:

வணக்கம். என் மாமா காலேஜ் படிக்கறப்ப ஒரு குழுவுல வாசிச்சிட்டு இருந்தார், அப்புறம் வேலை குடும்பம்னு விட்டுட்டார், அவரோட கிட்டார் ரொம்ப வருஷமா பெட்டியோட பரண்ல கெடந்துச்சு. போன மாசம் என்னைக் கூப்பிட்டு "நீதான் வாசிக்கறியே, எடுத்துக்கோம்மா"ன்னு குடுத்துட்டார். எனக்கு அக்கூஸ்டிக் மட்டும்தான் பழக்கம், அதனால இதப் பத்தி ஒண்ணுமே தெரியல, கொஞ்சம் பொறுமையா படிச்சு சொல்லுங்க ப்ளீஸ்.

பாடி கருப்பு கலர், ஆனா ஃபேக்டரி பெயிண்ட் மாதிரி தெரியல, ஓரத்துல எல்லாம் பெயிண்ட் தடிமனா வழிஞ்ச மாதிரி இருக்கு. தலைப்பக்கமும் அதே கருப்பு அடிச்சிருக்காங்க, பேர் எதுவும் இல்ல. மாமாவுக்கும் பேர் ஞாபகம் இல்ல, அவர் வாங்கும்போதே பெயிண்ட் மாத்தினதுதானாம். தலை கூர்மையா வளைஞ்சு இருக்கும், ஆறு கீயும் ஒரே பக்கம். ரெண்டு கொம்பும் நல்லா கூரா இருக்கு. எண்ணிப் பாத்தேன், 24 ஃப்ரெட் (நெக்குல குறுக்க பதிச்ச உலோகக் கோடு). நெக்கு ரொம்ப ஒல்லி, என் அக்கூஸ்டிக் பிடிச்ச கைக்கு பட்டையா ஒரு பலகைய பிடிச்ச மாதிரி இருக்கு. கம்பி சத்தத்த எடுக்கற பிக்கப் பெருசு ஒண்ணு, நடுவுல சின்னது, மறுபடியும் பெருசு. கருப்பு பிளாஸ்டிக் பிக்கார்ட் இருக்கு. கிட்டாரோட பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கு, இங்கிலீஷ் எஃப் எழுத்து, அதுக்கப்புறம் 81ன்னு ஆரம்பிச்சு மொத்தம் ஆறு இலக்கம்.

ட்ரெமலோ, அதான் பாரை அமுக்கி சுருதிய ஆட்டற பிரிட்ஜ், அதப் பத்திதான் பெரிய கவலை. நெக்கு முடிஞ்சு தலை ஆரம்பிக்கற இடத்துல கம்பி படியற நட்டுல மூணு கட்டை வெச்சு ஆலன் ஸ்க்ரூ போட்டு இறுக்கற மாதிரி இருக்கு, பாடில கம்பி வந்து முடியற பிரிட்ஜ்லயும் ஒவ்வொரு கம்பிக்கும் ஸ்க்ரூ, அப்புறம் பின்னாடி சின்னச் சின்னதா திருகற ட்யூனர். புது கம்பி போட்டு ட்யூன் பண்ணி பாரை ஒரு தடவ அமுக்கி விட்டா ட்யூனிங் போயிடுது. மேல இழுத்து விட்டா வேற மாதிரி போகுது. ஒருத்தர்கிட்ட சர்வீஸுக்கு காட்டினேன், கையில எடுத்துகூட பாக்கல, "இந்த மாதிரி பழசுக்கெல்லாம் பிரிட்ஜ் தேஞ்சிருக்கும், புதுசு போட்டுடலாம்"னு சொல்லிட்டார். மாமா வாசிச்ச கிட்டார், எதையும் கழட்டிப் போட மனசு வரல. இது என்ன கிட்டார், இந்த பிரிட்ஜ் நிஜமாவே போயிடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

ஓவர்டிரைவ்:

நீங்க சொல்றத வெச்சு பாத்தா இது ஐபனேஸ் கம்பெனி கிட்டார். அவங்க பழைய நம்பர்ல முதல் எழுத்து மாசம், ஏ-ன்னா ஜனவரி, அப்படியே எல் வரைக்கும் போகும், எல்-ன்னா டிசம்பர். அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். அப்போ எஃப் 81ன்னா 1981 ஜூன். செம பழசு, பத்திரமா வெச்சுக்கோங்க. பிரிட்ஜ பொறுத்தவரைக்கும் அவர் சொன்னது சரின்னுதான் எனக்கும் தோணுது, இத்தன வருஷம் ஆன லாக்கிங் (கம்பிய பூட்டற) பிரிட்ஜ்ல நைஃப் எட்ஜ், அதாவது பிரிட்ஜ் சாஞ்சு ஆடற கத்தி முனை, மழுங்கியிருக்கும், புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டா தலைவலி விட்டுச்சு.

பழையமரம்:

ஓவர்டிரைவ் தம்பி சொன்ன நம்பர் முறை சரிதான், ஆனா இந்த கிட்டாருக்கு அது பொருந்தாது, ஏன்னு சொல்றேன். இந்த எஃப் விஷயத்துல நிறைய பேர் ஏமாந்திருக்காங்க.

ஐபனேஸ் ஜப்பான் கிட்டார்ல மாசத்த எழுத்தா போடற முறை 1986 வரைக்கும்தான். 1987ல இருந்து எஃப்-ங்கறது மாசம் இல்ல, ஃபூஜிஜென்ங்கற ஃபேக்டரியோட முதல் எழுத்து, ஜப்பான்ல மட்சுமோட்டோ பக்கம் இருக்கற அதே ஃபேக்டரி. அதுக்கு அடுத்து வர்ற ஒரே ஒரு இலக்கம்தான் வருஷத்தோட கடைசி இலக்கம். 1997ல இருந்து வருஷத்துக்கு ரெண்டு இலக்கமா ஆக்கிட்டாங்க, அப்போ எஃப்-க்கு அப்புறம் மொத்தம் ஏழு இலக்கம் வரும். உங்களுக்கு ஆறுதான் வருது. அதனால எஃப் 81ன்னு ஆரம்பிக்கற உங்க நம்பர ரெண்டு விதமா படிக்கலாம், பழைய முறைப்படி 1981 ஜூன், புது முறைப்படி 1988, அந்த 1 வரிசை எண்ணோட முதல் இலக்கம். நம்பர மட்டும் வெச்சு இதுல எதுன்னு முடிவு பண்ணவே முடியாது.

அப்போ கிட்டாரையே கேக்கணும். 24 ஃப்ரெட், ஒல்லி நெக், கூர்மையான தலை, பெருசு-சின்னது-பெருசுன்னு மூணு பிக்கப், பிக்கார்ட், லாக்கிங் ட்ரெமலோ, இது அத்தனையும் சேந்தா ஆர்ஜி 550. அது முதல்ல வந்தது 1987ல, ஸ்டீவ் வாய்ங்கற கிட்டார் கலைஞருக்காக ஜெம் மாடல் பண்ணின அதே வருஷம், ரெண்டும் கூடப் பொறந்ததுங்க மாதிரி. 1981ல ஐபனேஸ்ல இப்படி ஒரு கிட்டாரே கிடையாது. பிக்கார்ட் இருக்கறது முக்கியமான அடையாளம், அதே குடும்பத்துல 570ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு பிக்கார்ட் வராது. சார்வெல்ங்கற இன்னொரு கம்பெனியோட ஜப்பான் மாடலா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் வரலாம், ஆனா அந்த சமயத்துல நெக்க ஸ்க்ரூ போட்டு மாட்டின அவங்க மாடல்ங்க பெரும்பாலும் 22 ஃப்ரெட்.

ஆனா இப்பவும் முடிவு பண்ணிடாதீங்க. பெயிண்ட் மாத்தின கிட்டார்னா நெக்கு ஒரு இடத்துலருந்தும் பாடி ஒரு இடத்துலருந்தும் வந்து ஒண்ணா சேந்திருக்கலாம், பிரிட்ஜும் அப்பறமா யாராவது பள்ளம் தோண்டி மாட்டியிருக்கலாம். அதுக்கு உள்ள பாக்கணும். கம்பியெல்லாம் தளர்த்திட்டு நெக்கோட நாலு ஸ்க்ரூவ கழட்டுங்க, நெக் உக்கார்ற பள்ளத்த பாருங்க, வெளிய எத்தன தடவ பெயிண்ட் அடிச்சாலும் அந்தப் பள்ளத்துக்குள்ள பழைய கலர் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்புறம் பின்னாடி ஸ்பிரிங் மூடிய கழட்டிட்டு பிரிட்ஜுக்கு அடியில இருக்கற குழிய டார்ச் அடிச்சு பாருங்க. ஃபேக்டரில மெஷின் தோண்டின குழின்னா மூலை எல்லாம் ஒரே அளவு வளைவா, சுவர் நேரா இருக்கும், ஃபேக்டரி பெயிண்ட் உள்ள கொஞ்சம் தெறிச்சிருக்கும். அப்பறமா ஒருத்தர் தோண்டினதுன்னா உளி பட்ட தடம் தெரியும், பெயிண்ட் இல்லாத பச்ச மரம் தெரியும். பெயிண்ட் மாத்தின கிட்டார்ல வயச சொல்ற சாட்சி இந்த ரெண்டு குழிதான், நான் எப்பவும் இங்கருந்துதான் ஆரம்பிப்பேன்.

பிரிட்ஜ் தட்டுல என்ன எழுத்து இருக்குன்னும் படிச்சு சொல்லுங்க.

மழைத்தூறல்:

ரொம்ப நன்றி சார், ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் கழட்டிட்டேன், கை நடுங்கிச்சு, ஆனா ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கருந்து வந்துச்சுன்னு பேப்பர்ல படம் வரைஞ்சு அதுலயே குத்தி வெச்சிட்டேன்.

நெக் பள்ளத்துல மஞ்சள்! நல்ல பளீர்னு மஞ்சள் கலர், ஒரு ஓரத்துல அந்தக் கருப்பு கொஞ்சம் வழிஞ்சு மேல உக்காந்திருக்கு. ஸ்பிரிங் குழிக்குள்ளயும் அதே மஞ்சள் தெறிச்சிருக்கு. குழி ரொம்ப ஒழுங்கா இருக்கு, நீங்க சொன்ன மாதிரி மூலை எல்லாம் ஒரே வளைவு, உளித் தடம் எதுவும் இல்ல. பிரிட்ஜ் தட்டுல எட்ஜ்னு இருக்கு, ஃப்ளாய்ட் ரோஸ் பேடண்ட் உரிமம்னு சின்ன எழுத்துல இருக்கு. பார் திருகு இல்ல, உள்ள தள்ளி மாட்டறது.

மாமாகிட்ட ஃபோன் பண்ணி மஞ்சள்னு சொன்னேன். அவருக்கே அது தெரியாது, கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

வால்யூம் பாட் (திருகற குமிழுக்கு அடியில இருக்கற பாகம்) எல்லாம் கழட்டி அதுல நம்பர் பாக்கணுமா? யாரோ ஒரு வீடியோல அத வெச்சு வருஷம் கண்டுபிடிச்சாங்க.

பழையமரம்:

அப்போ சந்தேகமே இல்ல, 1988ல ஃபூஜிஜென்ல செஞ்ச ஆர்ஜி 550, மஞ்சள்லதான் பொறந்திருக்கு. பிரிட்ஜும் அதோட சொந்த பிரிட்ஜ்தான், அந்தக் காலத்து 550க்கு எட்ஜ்ங்கற இந்த பிரிட்ஜ்தான் வரும், குழியும் அதுக்குன்னே ஃபேக்டரில தோண்டினது. இன்னொரு விதமாவும் யோசிச்சு பாருங்க, ஃப்ளாய்ட் ரோஸ்ங்கறவர் தன்னோட லாக்கிங் முறைக்கு வாங்கின முதல் பேடண்டே 1979தான், பிரிட்ஜ்ல ஃபைன் ட்யூனர் வந்தது அதுக்கும் சில வருஷம் கழிச்சு, அதனால எட்ஜ்னு பேர் போட்டு ஃபைன் ட்யூனரோட ஒரு பிரிட்ஜ் 1981 ஜூன்ல இருந்திருக்க வழியே இல்ல. ரெண்டு விதமா படிக்கக்கூடிய நம்பர்ல எது சரின்னு உங்க பிரிட்ஜே சொல்லிடுச்சு.

பாட் கழட்ட வேண்டாம். அது அமெரிக்க கிட்டாருக்கு நல்லா உதவும், அங்க பாட் முதுகுல ஏழு இலக்கம் இருந்தா முதல் மூணு செஞ்ச கம்பெனி, 137ன்னா சிடிஎஸ், 304ன்னா ஸ்டாக்போல், அடுத்த ரெண்டு வருஷம், கடைசி ரெண்டு எத்தனாவது வாரம்னு. 1376632ன்னா சிடிஎஸ், 1966ல 32வது வாரம். அதுவும் கிட்டார் இந்த தேதிக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாதுன்னு மட்டும்தான் சொல்லும், பாட் ரெண்டு மூணு வருஷம் ஃபேக்டரி அலமாரில கெடந்திருக்கலாம். ஜப்பான் பாட்ல அந்த முறை கிடையாது, சும்மா சால்டர கலைச்சு வெக்காதீங்க.

ட்ரெமலோ பத்தி நைஃப்எட்ஜ் வந்து சொல்லட்டும், அவர் அளவுக்கு எனக்கு அது தெரியாது.

நைஃப்எட்ஜ்:

முதல் வேண்டுகோள், எட்ஜ கழட்டிட்டு ஏதோ ஒரு புது லாக்கிங் பிரிட்ஜ தயவு செஞ்சு மாட்டாதீங்க. பழசு, அதனால தேஞ்சிருக்கும்ங்கறது எல்லாருக்கும் சட்டுனு வர்ற நினைப்பு, ஆனா தேயறது வயச பொறுத்து இல்ல, உலோகத்த பொறுத்து, எப்படி பயன்படுத்தினாங்கங்கறத பொறுத்து. மலிவான லைசென்ஸ் பிரிட்ஜ் பலதுல தட்டு மெத்துன்னு ஜிங்க் கலவை, முனை ரெண்டு மூணு வருஷத்துலயே நசுங்கிடும். அந்தக் காலத்து எட்ஜ் அப்படி இல்ல, நல்ல கடினம், 30 வருஷம் தாண்டியும் ஒழுங்கா திரும்பி வர்ற எட்ஜ நிறைய பாத்திருக்கேன், அதுவும் உங்களோடது பாதி காலம் பரண்ல தூங்கியிருக்கு.

எப்படி வேல செய்யுதுன்னு புரிஞ்சா எங்க கோளாறுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம். ஆறு கம்பியும் பிரிட்ஜ மேல்பக்கம் தலைய நோக்கி இழுக்குது, 9ல இருந்து 42 வரைக்கும் (தடிமன், இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) இருக்கற கம்பி செட் போட்டு சாதாரண ட்யூனிங்ல வெச்சா மொத்தமா கிட்டத்தட்ட 38 கிலோ இழுப்பு. பின்பக்கம் ஸ்பிரிங் கீழ இருந்து, பிரிட்ஜுக்கு அடியில தொங்கற பிளாக்க அதே தலைப்பக்கமா இழுக்குது. நடுவுல தட்டோட முன்விளிம்புல ரெண்டு கத்தி முனை, அது பாடில இறக்கின ரெண்டு ஸ்டட்டுல, அதாவது குட்டி உலோகத் தூண்ல, சாஞ்சுக்கிட்டு நிக்குது. தராசு மாதிரிதான். கம்பி இழுப்பும் ஸ்பிரிங் இழுப்பும் சமமா இருக்கற இடத்துல பிரிட்ஜ் மிதக்கும். பாரை விட்டதும் ஒவ்வொரு தடவையும் அதே புள்ளிக்கு வந்து நிக்கணும்னா அந்த ரெண்டு முனையிலயும் உராய்வு ரொம்பக் கம்மியா இருக்கணும், ஸ்டட்டும் அசையக் கூடாது. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இப்போ சோதனை. நெக்க மாட்டி, கம்பி போட்டு, ஒவ்வொரு கம்பியையும் நல்லா இழுத்து நீட்டி விட்டு திரும்ப ட்யூன் பண்ணுங்க, இத நாலஞ்சு தடவ செய்யணும், புது கம்பிய முதல்லயே நீட்டி விடலன்னா நீங்க பாக்கற கோளாறு பிரிட்ஜோடதா கம்பியோடதான்னே தெரியாது. அப்புறம் நட்ட பூட்டிட்டு ஃபைன் ட்யூனர்ல ஆறையும் சரியா பூஜ்யத்துல வைங்க. பாரை முழுசா கீழ அமுக்கி மெதுவா விடுங்க, கைய எடுத்துட்டு ஆறு கம்பியையும் சுருதி காட்டற ட்யூனர்ல பாத்து எழுதிக்கோங்க. அடுத்து பாரை மேல இழுத்து மெதுவா விடுங்க, மறுபடி ஆறையும் எழுதுங்க. நடுவுல எதையும் திருத்தாதீங்க.

எழுதினத இப்படி படிக்கணும். ஆறு கம்பியும் சேந்து ஒரே பக்கம் போனா கோளாறு கம்பில இல்ல, பிரிட்ஜ் நிக்கற இடத்துல. அமுக்கினப்புறம் ஆறும் கொஞ்சம் கம்மியா, இழுத்தப்புறம் ஆறும் கொஞ்சம் கூடுதலா நின்னா, பிரிட்ஜ் நடுப்புள்ளிக்கு முழுசா வந்து சேராம வழியிலயே நின்னுடுதுன்னு அர்த்தம், அதாவது முனையிலயோ ஸ்டட்டுலயோ உராய்வு, இல்லன்னா ஸ்டட் ஆடுது. லாக்கிங் இல்லாத சாதாரண நட்டு இருக்கற கிட்டார்ல இதுக்கு நேர் எதிரா வரும், அமுக்கினப்புறம் கூடும், இழுத்தப்புறம் குறையும், ஏன்னா அங்க கம்பி நட்டுல சிக்கி நிக்குது. உங்களுக்கு அந்த எதிர் மாதிரி வந்தா நட்டு சரியா பூட்டலன்னு சந்தேகப்படுங்க. ஒரே ஒரு கம்பி மட்டும் போச்சுன்னா அந்தக் கம்பிய நட்டுலயோ, பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சேடில்லயோ பிடி சரியா பிடிக்கலன்னு அர்த்தம், அதுக்காக பிரிட்ஜ குறை சொல்லவே கூடாது.

கண்ணால பாக்கறதும் இருக்கு. ஸ்டட் மரத்துக்குள்ள இறங்கற இடத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு இன்னொருத்தர பாரை மேலயும் கீழயும் அசைக்க சொல்லுங்க, ஸ்டட் இம்மிகூட சாயக் கூடாது. சாஞ்சா ரெண்டு காரணம் இருக்கலாம், ஸ்டட் அதோட இன்செர்ட் குழாய்க்குள்ள லொடலொடன்னு இருக்கலாம், இல்ல அந்த இன்செர்ட்டே மரத்துல தளர்ந்திருக்கலாம். உங்க கிட்டார் பாடி பேஸ்வுட், மெத்து மரம், இரண்டாவது காரணத்தயும் நல்லா பாக்கணும். எட்ஜ்ல நிறைய ஸ்டட்டுக்கு நடுவுல உள்ள ஒரு குட்டி ஆலன் ஸ்க்ரூ இருக்கும், அது ஸ்டட்ட இன்செர்ட்டோட சேத்து இறுக்கறதுக்கு. அது தளர்ந்திருக்கான்னு முதல்ல பாருங்க.

பிரிட்ஜ கழட்டினதும் முனைய ஃபோன் கேமரால பெருசு பண்ணி பாருங்க, நகத்த வெச்சு மெதுவா தடவுங்க. நடுவுல பள்ளம் விழுந்து நகம் மாட்டினா கவலைப்படணும், லேசா மினுமினுன்னு தேஞ்ச கோடு மட்டும் இருந்தா ஒண்ணும் இல்ல. ஸ்டட்டுல முனை உக்கார்ற காடிலயும் தடம் விழுந்திருக்கான்னு பாருங்க. விழுந்திருந்தா ஸ்டட்ட அரை சுத்து திருப்பினா முனைக்கு புது இடம் கிடைக்கும், உயரம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

ரெண்டு எச்சரிக்கை. கம்பி முழு இழுப்புல இருக்கும்போது ஸ்டட்ட திருகி உயரம் மாத்தாதீங்க, முனைய ஸ்டட் அரைச்சு எடுத்துடும், நல்லா இருந்த நிறைய முனை இப்படித்தான் கெட்டுப் போச்சு. உள்ள அந்தக் குட்டி ஸ்க்ரூ இருந்தா முதல்ல அத தளர்த்தாம ஸ்டட்ட தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு, முனைய அரம் வெச்சு கூர் தீட்டாதீங்க. நான் பண்ணியிருக்கேன், என் முதல் லாக்கிங் கிட்டார்ல. கூரா ஆச்சு, ஒரு வாரம் சூப்பரா இருந்துச்சு, ஆனா மேல இருந்த கடினமான பக்கம் போயிடுச்சு போல, ரெண்டு மாசத்துல முன்ன இருந்தத விட மோசமா நசுங்கிடுச்சு. அந்த பிரிட்ஜ காப்பாத்த முடியல. இன்னைக்கும் அது மனசுல உறுத்துது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஆறாங்கட்டை:

நைஃப்எட்ஜ் அண்ணா எல்லாம் சொல்லிட்டார், நட்டு பத்தி மட்டும் ஒண்ணு சேக்கறேன். நட்டுக்கு பின்னாடி, தலைப்பக்கம், ஆறு கம்பி மேலயும் குறுக்க ஒரு பட்டை இருக்கும். அது கம்பிய போதுமான அளவு கீழ அமுக்கலன்னா கம்பி நட்டு மேல படியாம தூக்கிக்கிட்டு இருக்கும், அப்போ பூட்டும்போதெல்லாம் சுருதி மேல ஏறும், நீங்க ஃபைன் ட்யூனர்ல இறக்குவீங்க, கொஞ்ச நாள்ல ஃபைன் ட்யூனர்ல திருக இடமே இருக்காது. பூட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ட்யூனர் ஒரே இடம் காட்டற வரைக்கும் அந்தப் பட்டைய இறக்குங்க. ஃபைன் ட்யூனர எல்லாம் பூட்டறதுக்கு முன்னாடி நடு நிலைல வெச்சுக்கோங்க.

அப்புறம் ஒரு கம்பிய மட்டும் ட்யூன் பண்ணா மத்த அஞ்சும் மாறுதேன்னு பயப்படாதீங்க, மிதக்கற பிரிட்ஜ் அப்படித்தான். ஒண்ண ஏத்தினா மத்ததெல்லாம் இறங்கும். ரெண்டு மூணு சுத்து போனா அடங்கிடும். தட்டு பாடிக்கு இணையா நிக்கணும், முன்னாடி சாஞ்சிருந்தா பின்னாடி ஸ்பிரிங் மாட்டின க்ளாவோட ரெண்டு ஸ்க்ரூவையும் கால் கால் சுத்தா இறுக்கி மறுபடி ட்யூன் பண்ணுங்க.

இதுக்கு ட்ரெமலோன்னு பேர் வந்ததே தப்புன்னு எனக்கு எப்பவும் ஒரு ஆதங்கம், சுருதிய ஆட்டறது வைப்ராட்டோ, சத்தத்த ஏத்தி இறக்கறதுதான் ட்ரெமலோ, 1954ல ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தப்ப லியோ ஃபெண்டர் அந்த பிரிட்ஜுக்கு ட்ரெமலோன்னு பேர் வெச்சார், அன்னைலருந்து எல்லாரும் அதையே சொல்றோம். நம்ம காதுக்கு கமகம்னு சொன்னாதான் சட்டுனு புரியும், சுருதிய வளைக்கற அந்த சுகத்துக்காகத்தானே இத்தன ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும்.

மழைத்தூறல்:

மூணு நாள் ஆச்சு, ரிசல்ட்டோட வந்திருக்கேன்.

கம்பிய நீட்டி நீட்டி ட்யூன் பண்ணவே ஒரு சாயங்காலம் முழுக்க போச்சு. அப்புறம் நைஃப்எட்ஜ் அண்ணா சொன்ன மாதிரி எழுதினேன். அமுக்கி விட்டா ஆறும் 6, 7 சென்ட் (சென்ட்னா அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்கு) கம்மி. மேல இழுத்து விட்டா ஜி கம்பி (மூணாவது) தவிர மத்த அஞ்சும் 5, 6 சென்ட் கூடுதல். ஜி மட்டும் ரெண்டு தடவையும் கம்மியாத்தான் போச்சு, ரெண்டாவது தடவ 20 சென்ட் கிட்ட இறங்கிடுச்சு.

தம்பிய கூப்பிட்டு பாரை அசைக்க சொல்லிட்டு டார்ச் அடிச்சு பாத்தேன். சின்ன கம்பிப் பக்கத்து ஸ்டட் அப்படியே சிலை மாதிரி நிக்குது. தடி கம்பிப் பக்கத்து ஸ்டட் ஆடுது! ரொம்ப லேசாதான், ஆனா கண்ணுக்கு நல்லா தெரியுது. இன்செர்ட் அசையல, அதச் சுத்தி மரமும் விரியல, ஸ்டட் மட்டும்தான் உள்ள லொடலொடங்குது. கம்பிய தளர்த்திட்டு ஆலன் கீ விட்டு பாத்தேன், உள்ள அந்தக் குட்டி ஸ்க்ரூ இருக்கு, முழுசா தளர்ந்து கெடந்துச்சு, யாரோ உயரம் மாத்தினப்ப திரும்ப இறுக்காம விட்டிருக்காங்க போல.

முனை ரெண்டையும் ஃபோட்டோ எடுத்து பெருசு பண்ணி பாத்தேன். ஒரு பக்கம் சுத்தமா இருக்கு. ஆடின ஸ்டட் பக்கத்து முனைல ஒரு மினுமினு கோடு, நகம் மாட்டல. அந்த ஸ்டட் காடில மட்டும் சின்னதா ஒரு தடம், அதனால அரை சுத்து திருப்பி வெச்சு, முனைல துளி கிரீஸ் தடவி, உள்ள ஸ்க்ரூவ இறுக்கிட்டேன்.

ஜிக்கு சேடில்ல கம்பிய அமுக்கற குட்டி சதுரக் கட்டைய வெளிய எடுத்தேன், அதுல கம்பி பட்ட இடத்துல நல்ல பள்ளம். அண்ணா, இத திருப்பிப் போடலாமா, இல்ல புதுசுதானா?

நைஃப்எட்ஜ்:

தங்கச்சி, நீங்க எழுதினத படிக்கவே எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா. இவ்வளவு ஒழுங்கா சோதனை பண்ணினவங்கள நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன். பிரிட்ஜ் போகல. ஸ்டட் உள்ள ஆடினதால ஒவ்வொரு தடவையும் பிரிட்ஜ் சாய இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு, அவ்வளவுதான் கோளாறு.

அந்தக் கட்டைய இப்போதைக்கு மறுபக்கம் திருப்பிப் போடுங்க, ஆனா சீக்கிரம் ஆறையும் புதுசா மாத்திடுங்க, அது தேயறதுக்குன்னே செஞ்ச சாமான், சின்ன விஷயம். வாங்கும்போது எட்ஜுக்கு உரியது தானான்னு அளவு பாத்து வாங்குங்க, எல்லா லாக்கிங் பிரிட்ஜ் கட்டையும் ஒரே அளவு இல்ல. பழசு ஆறையும் தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு பெட்டிக்குள்ள வைங்க. சேடில் ஸ்க்ரூவ கம்பி நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்க, பலத்த காட்டினா கட்டைல மறுபடி பள்ளம் விழும், சேடில்கூட விரிசல் விடலாம்.

ஓவர்டிரைவ்:

நான் நம்பரையும் தப்பா படிச்சிட்டேன், பிரிட்ஜையும் பாக்காமலேயே மாத்துங்கன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. பழையமரம் சார், நைஃப்எட்ஜ் அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. என்கிட்ட ஒரு கிட்டார் ரெண்டு வருஷமா ட்யூன் நிக்கலன்னு மூலைல வெச்சிருக்கேன், இன்னைக்கு ராத்திரி எழுதிப் பாக்கறேன்.

பழையமரம்:

எழுதிப் பாத்துட்டு இங்கயே போடு தம்பி, சேந்து பாக்கலாம்.

மழைத்தூறல், பெயிண்ட் பத்தி நீங்க கேக்கல, ஆனா அடுத்து அந்த நினைப்பு வரும்னு தெரியும். கருப்ப சுரண்டி மஞ்சள கொண்டு வரலாமேன்னு தோணும். அவசரப்படாதீங்க. மேல அடிச்சவங்க அடியில இருந்த மஞ்சள தேய்ச்சுட்டுத்தான் அடிச்சிருப்பாங்க, சுரண்டினா பாதி மஞ்சள் பாதி மரம்னு வரும். உங்க மாமா வாசிச்சது இந்தக் கருப்புலதானே.

மழைத்தூறல்:

ஆமா சார், கருப்பாவே இருக்கட்டும்.

ஜி கட்டைய திருப்பிப் போட்டு எல்லாத்தையும் மாட்டி இன்னைக்கு காலைல மறுபடி சோதனை பண்ணேன். அமுக்கி விட்டா ஆறும் 1 சென்ட்டுக்குள்ள. இழுத்து விட்டாலும் அதே. தலைப்பக்கத்து பட்டையும் இறக்கினேன், பூட்டினா இப்போ முள் அசையவே மாட்டேங்குது.

மாமா நாளைக்கு வர்றார். பாரை அவர் கையிலயே குடுத்துடறேன்.